நெடுஞ்சாலை உணவக, விடுதி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்: கிலோவாட்டுக்கு முன் கன்னைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே,

வணக்கம். உங்களில் சிலர் வாசலில் மின்சாரக் கார்களுக்குச் சார்ஜர் வைக்கலாமா என்று விலை கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வேறு சிலர் வைத்துவிட்டு, வண்டிகள் வந்து ஐந்து நிமிடம் நின்று திரும்பிப் போவது ஏன் என்று புரியாமல் இருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். சார்ஜர்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் தொழில்.

சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 460 கி.மீ. நெடுஞ்சாலை வேகத்தில் 250 கி.மீ. ஓடும் வண்டி நடுவே ஒரு முறையாவது நின்று ஏற்றியாக வேண்டும். அது விக்கிரவாண்டியில் நிற்குமா, உளுந்தூர்பேட்டையில் நிற்குமா என்பதை இப்போது தோசை மட்டும் முடிவு செய்வதில்லை. விலைப்பட்டியலில் உங்கள் கண்ணில் முதலில் படுவது கிலோவாட், அதாவது ஏற்றும் வேகம். ஆனால் மின்சாரம் வண்டிக்குள் போகிறதா இல்லையா என்பது காரின் துளைக்கும், அதில் செருகும் கேபிள் முனையான கன்னுக்கும் நடுவிலுள்ள ஒரு சாண் இடத்தில்தான் தீர்மானமாகிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறோம்.

எந்தக் கன்

இந்தியாவில் இன்று விற்கும் கார்களுக்கு இந்தக் கேள்வி முடிந்துபோன ஒன்று. மெதுவாக ஏற்ற டைப் 2, வேகமாக ஏற்ற சி.சி.எஸ். 2. இவை தவிர வேறு எந்தக் கன்னுக்கும் பணம் போடாதீர்கள்.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒவ்வொரு பொதுச் சார்ஜிங் நிலையத்திலும் ஐந்து வகை இருக்க வேண்டும் என்றது: சி.சி.எஸ்., சாடெமோ, டைப் 2, பாரத் டி.சி. 001, பாரத் ஏ.சி. 001. 2019 அக்டோபரில் அது தளர்ந்தது. எதை வைப்பது என்பது வைப்பவரின் விருப்பம் என்றாகிவிட்டது. இன்னும் அந்தப் பழைய பட்டியலைக் காட்டி "சட்டப்படி ஐந்து வகையும் வேண்டும்" என்று யாராவது சொன்னால் தேதியைக் கேளுங்கள். சார்ஜிங் நிலையம் நடத்த மின் விநியோக உரிமம் வேண்டுமோ என்ற அச்சமும் தேவையில்லை. சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை ஆகாது, உரிமம் வேண்டாம் என்று 2018 ஏப்ரலிலேயே விளக்கம் தந்துவிட்டார்கள்.

பாரத் டி.சி. 001 என்பது 15 கிலோவாட் பெட்டி. சீனத்து ஜி.பி.டி. கன்னோடு வரும். 48, 72 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் ஓடிய முதல் தலைமுறை வண்டிகளுக்காக வந்தது. இன்று குடும்பத்தோடு ஊருக்குப் போகிறவர் ஓட்டும் காரின் பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேல். அந்தப் பெட்டி பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். சாடெமோ ஜப்பானின் முறை. ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய நிஸான் லீஃப் வண்டிகள் ஓடும் இலங்கையில் அதற்கு இன்னும் வேலை உண்டு. உளுந்தூர்பேட்டையில் இல்லை.

டைப் 2 கன்னின் முகத்தைப் பாருங்கள். மேல்பக்கம் மட்டும் தட்டையாக வெட்டிய வட்டம். உள்ளே ஏழு பின்கள்: மேல் வரிசையில் சிறியவை இரண்டு, நடுவில் மூன்று, கீழே இரண்டு. நட்டநடுவில் இருப்பது எர்த். அதன் இருபக்கமும் ஒரு ஃபேஸும் நியூட்ரலும். கீழே மற்ற இரண்டு ஃபேஸ். மேலே உள்ள சின்னப் பின்கள் இரண்டும் காரும் சார்ஜரும் பேசிக்கொள்ள. சி.சி.எஸ். 2 என்பது இதே முகத்தின் கீழே நேர்மின்சாரம் (டி.சி.) போகும் இரண்டு தடித்த பின்களைச் சேர்த்தது. அதனால் காரில் ஒரே துளைதான் இருக்கும். மேல்பாதியில் டைப் 2 செருகலாம், முழுவதிலும் சி.சி.எஸ். செருகலாம்.

சி.சி.எஸ். 2 கன்னின் மேல்பாதியில் எர்த்துக்கும் இரண்டு சின்னப் பின்களுக்கும் மட்டும்தான் உலோகம் உண்டு. மற்ற நான்கு இடமும் காலி. "கன்னில் பின் உடைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் சில இதைப் பார்த்துப் பதறியதுதான். காவலாளிக்கு இதை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சாப்பிட வருபவருக்கு ஒன்று, தங்க வருபவருக்கு ஒன்று

உங்கள் பெயர்ப்பலகையில் ஏற்கெனவே "ஏ.சி." என்று இருக்கும். நாங்கள் சொல்வது அந்தக் குளிர்சாதனம் அல்ல, மாறுமின்சாரம். வீட்டில் வருவதும் அதுதான். பேட்டரிக்கு வேண்டியது நேர்மின்சாரம், அதாவது டி.சி. டைப் 2 கன் ஏ.சி.யை அப்படியே வண்டிக்குக் கொடுக்கும். மாற்றும் வேலை காருக்குள் இருக்கும் சின்னப் பெட்டியுடையது. சி.சி.எஸ். 2 சார்ஜரில் மாற்றம் வெளியிலுள்ள பெரிய பெட்டியிலேயே முடிந்துவிடும். டி.சி. நேராகப் பேட்டரிக்குப் போகும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் வருகிறது. ஏ.சி.யில் வேகத்தை முடிவு செய்வது உங்கள் சார்ஜர் அல்ல, காருக்குள் இருக்கும் பெட்டி. "22 கிலோவாட் டைப் 2, மூன்று ஃபேஸ்" என்று ஒன்றை வாங்கி வைக்கிறீர்கள். இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஒரே ஃபேஸில் 7.2 கிலோவாட்டுக்கு மேல் எடுக்காது. சில 3.3 கிலோவாட்டோடு நின்றுவிடும். மீதி இரண்டு ஃபேஸ் சும்மா கிடக்கும். அதே மூன்று ஃபேஸ் இணைப்பிலிருந்து ஃபேஸுக்கு ஒன்றாக 32 ஆம்பியர், 7.4 கிலோவாட் கன்கள் மூன்று போட்டால் மூன்று கார்கள் ஒரே இரவில் நிரம்பும். 22 கிலோவாட் பெட்டியை விற்பவர் இதைச் சொல்வதில்லை.

அறைகள் இருக்கும் விடுதிக்கு இதுவே போதும். 7.2 கிலோவாட் எடுக்கும் காரை இரவு 9 மணிக்குச் செருகினால், 40 யூனிட் பேட்டரி காலியாக வந்தாலும் விடியும் முன் நிறைந்துவிடும். கன்னைக் கேபிளோடு சேர்த்தே வாங்குங்கள். வெறும் டைப் 2 சாக்கெட் மட்டும் உள்ளவை ஐரோப்பாவில் சரி, அங்கே ஓட்டுபவர் சொந்தக் கேபிளை டிக்கியில் வைத்திருப்பார். இங்கே டிக்கியில் இருப்பது பெரும்பாலும் மூன்று பின் பிளக்கோடு வரும் சின்ன சார்ஜர்தான்.

அறைகள் இல்லாத, சாப்பாடு மட்டும் உள்ள இடத்தில் ஏ.சி. கன் கிட்டத்தட்ட வீண். டிஃபன் சாப்பிட 40 நிமிடம். 7.2 கிலோவாட்டில் அந்த நேரத்தில் ஏறுவது 5 யூனிட்டுக்கும் குறைவு, அதாவது முப்பது கிலோமீட்டர் சொச்சம். அதே 40 நிமிடத்தில் 30 கிலோவாட் டி.சி. 20 யூனிட் கொடுக்கும். ஏறக்குறைய 130 கி.மீ. ஓடலாம்.

பெட்டியின் மேல் 60, வண்டிக்குள் எவ்வளவு?

"60 கிலோவாட், இரண்டு கன்" என்ற பெட்டிதான் நடுத்தர உணவகத்துக்கு ஏற்றது. ஆனால் அதில் 60 என்பது இரண்டு கன்னுக்கும் சேர்த்து. இரண்டாவது வண்டி வந்து செருகியதும் முதல் வண்டிக்கு 30 ஆகிவிடும். இதில் தவறில்லை. பலகையில் எழுதாமல் விடுவதுதான் தவறு. 60 என்று நம்பி வந்தவர் கோபித்துக்கொண்டு போவார்.

அடுத்து ஆம்பியர். கிலோவாட் என்பது வோல்ட்டும் ஆம்பியரும் பெருகி வருவது. வோல்ட்டை முடிவு செய்வது காரின் பேட்டரி. 320 வோல்ட் பேட்டரிக்கு, 125 ஆம்பியர் மட்டும் தாங்கும் கேபிள் வழியே போகக்கூடியது 40 கிலோவாட். பெட்டி 60 என்றாலும் அதற்கு மேல் ஏறாது. ஆகவே விற்பவரிடம் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: ஒரு கன் வழியே தொடர்ந்து எத்தனை ஆம்பியர் போகும்? 300 வோல்ட்டிலும் முழுத் திறன் வருமா, அல்லது 500 வோல்ட்டுக்கு மேல்தானா? 1000 வோல்ட் வரை என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். இங்கே வரும் வண்டிகளில் மிகப் பல 400 வோல்ட் வகை.

இன்னொன்று, 80 விழுக்காட்டுக்கு மேல் கார் தானாகவே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அது பேட்டரியின் பாதுகாப்பு. உங்கள் சார்ஜரைக் குறை சொன்னால் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேபிள் எட்டுமா?

நல்ல பெட்டி வாங்கி, நல்ல இணைப்பு கொடுத்து, கடைசியில் கேபிள் எட்டாமல் போகும் இடங்கள் நிறைய. பெட்ரோல் மூடிபோல் சார்ஜிங் துளை எல்லாக் கார்களிலும் பின்பக்கம் இருக்காது. நெக்ஸான், டியாகோ மின்கார்களில் இடது பின்புறம். பஞ்ச் மின்காரில் முன்மூக்கு. எம்.ஜி. இசட்.எஸ்., ஹூண்டாய் கோனாவிலும் மூக்கில்தான். அயோனிக் 5-இல் வலது பின்புறம். கேபிள் வழக்கமாக 5 மீட்டர். அதில் ஒரு மீட்டருக்கு மேல் பெட்டியிலிருந்து இறங்கித் தரையைத் தொடுவதிலேயே போய்விடும். நெக்ஸான் நீளம் கிட்டத்தட்ட 4 மீட்டர். அது மூக்கை உள்ளே விட்டு நின்றால் துளை மறுகோடியில் இருக்கும். கேபிள் விண்ணென்று இழுபட்டு நிற்கும், அல்லது எட்டவே எட்டாது.

அதனால் சார்ஜரைச் சுவரோரம் மூலையில் ஒதுக்காதீர்கள். இரண்டு நிறுத்துமிடங்களுக்கு நடுக்கோட்டில், தலைப்பக்கம் வையுங்கள். முன்பக்கமாகவும் வரலாம், பின்பக்கமாகவும் வரலாம் என்று வெளியே போதிய இடம் விடுங்கள். சக்கரத் தடுப்புக் கட்டையைப் பெட்டியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் கேபிளில் ஒரு மீட்டரைக் காசு கொடுத்துத் தூக்கி எறிந்ததுபோல. வாங்கும்போதே 7 மீட்டர் கேபிள் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். டி.சி. கேபிளுக்கு எக்ஸ்டென்ஷன் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கூரை கட்டாயம். மழைக்கு மட்டுமல்ல, வெயிலுக்கும். கன்னுக்குள் டி.சி. பின்களின் சூட்டை அளக்கும் சென்சார் உண்டு. கறுப்புக் கேபிள் மத்தியான வெயிலில் ஏற்கெனவே கொதித்துக் கிடந்தால், மின்சாரம் ஓடத் தொடங்கியதும் சூடு எல்லையைத் தொட்டுவிடும். சார்ஜர் தானே ஆம்பியரைக் குறைக்கும். பெட்டிக்குள் காற்று இழுக்கும் ஃபில்டரும் அப்படித்தான். சாலைப் புழுதியில் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தாலே "முன்போல வேகம் இல்லை" என்ற புகாரில் பாதி போய்விடும்.

எர்த்: பாதிப் பழுதுகளின் ஊற்று

கன்னைச் செருகியதும் முதலில் ஓடுவது மின்சாரம் அல்ல, பேச்சு. சின்னப் பின்களில் ஒன்று பைலட். அதில் சார்ஜர் 12 வோல்ட் வைத்துக் காத்திருக்கும். கார் இணைந்ததும் அது 9 ஆகும். "தயார், அனுப்பு" என்று கார் சொன்னதும் 6 ஆகும். அதன் பிறகுதான் உள்ளே சுவிட்ச் மூடும். எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதும் இதே கம்பியில் துடிப்பாகப் போகிறது. டி.சி.யில் காரும் பெட்டியும் தரவு பரிமாறுவதும் இதன் மேல்தான். இந்தப் பேச்சுக்கு அடிப்படை எர்த். எர்த் ஆடினால் பேச்சு குழறும், சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டு நிற்கும்.

பெட்டிக்கு இரண்டு தனி எர்த் குழிகள் வேண்டும். கட்டடத்தின் பழைய எர்த்தில் கொண்டுபோய் முடிச்சுப் போடக் கூடாது. குழியின் தடை ஓரிரு ஓமுக்குள்ளும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அழுத்தம் 3 வோல்ட்டுக்குள்ளும் இருக்கட்டும். இதை ஒரு முறை அளந்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கார்த்திகையில் ஈரமாக இருந்த குழி கத்திரி வெயிலில் காய்ந்து தடை ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் சார்ஜர் காரணமில்லாமல் அடிக்கடி நின்றால், கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன் குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும் சார்ஜர் மறுக்கிறது என்றால், பெரும்பாலும் ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கும் முன் ஒரு கணக்கு: 60 கிலோவாட் சார்ஜர் மூன்று ஃபேஸில் ஃபேஸுக்கு ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். சமையலறை, குளிர்சாதனம், போர் மோட்டார் எல்லாவற்றையும் தாங்கும் ஜெனரேட்டர் இதையும் தாங்குமா? தாங்காது என்றால், மின்தடையில் சார்ஜர் நிற்கட்டும், அல்லது 15 கிலோவாட்டோடு கட்டுப்படுத்தும் வசதியைக் கேட்டு வாங்குங்கள்.

எர்த் இல்லாத இடத்தில் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் துளையை நியூட்ரலோடு ஒட்டிவிடும் பழக்கம் சில எலக்ட்ரீஷியன்களிடம் உண்டு. காரோடு வரும் சின்ன சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்குப் போடும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட். இதைச் செய்பவரை வேலையிலிருந்து அனுப்பிவிடுங்கள்.

ஆனால் முறையான எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டை ஒதுக்காதீர்கள். கன் பழுதான நாளிலும், ஸ்கூட்டரில் வருபவருக்கும் அதுதான் துணை. 16 ஆம்பியர் தொழிற்சாலை வகை சாக்கெட், 4 சதுர மி.மீ. செம்பு வயர், தனி எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் அணையும் சுவிட்ச்). மிக்ஸிக்கு வைத்த சாக்கெட்டில் ஆறு மணி நேரம் 15 ஆம்பியர் ஓடினால் உருகி பிளக்கோடு ஒட்டிக்கொள்ளும். டைப் 2 கன்னிலிருந்து மூன்று பின் சாக்கெட் எடுக்கும் அடாப்டர்களைச் சிலர் ஸ்கூட்டருக்காகக் கொண்டுவருகிறார்கள். சார்ஜரின் பாதுகாப்பு 32 ஆம்பியருக்கு, அடாப்டர் முனை தாங்குவது 16. நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. அனுமதிக்காதீர்கள்.

காவலாளிக்குப் பத்து நிமிடப் பாடம்

சி.சி.எஸ். கன் கனமானது. செருகிவிட்டுக் கையை எடுத்தால் கேபிள் எடையில் மூக்கு மேலே, வால் கீழே என்று சற்றுத் தொங்கும். காரின் பூட்டு ஊசி இறங்க வேண்டிய துளை நகர்ந்துவிடும். "இணைப்புப் பிழை" என்று திரையில் வரும். செருகியதும் பூட்டு விழும் "டக்" சத்தம் கேட்கும் வரை, ஒரு பத்து நொடி, கன்னின் அடியில் கை கொடுத்து உள்பக்கம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தடவையும் வராவிட்டால் கன்னை எடுத்து, காரை அணைத்துப் பூட்டி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி செருக வேண்டும்.

கன் வர மறுத்தால் இழுக்கவே கூடாது. பூட்டு சார்ஜரில் இல்லை, காரில் இருக்கிறது. முதலில் சார்ஜிங்கை நிறுத்துங்கள். சாவியால் காரைத் திறங்கள். அப்போதும் வராவிட்டால், கேபிளின் எடை ஊசியை இறுக்கிக்கொண்டிருக்கும். கன்னைத் தூக்கி உள்ளே தள்ளிப் பிடித்தபடி சாவியை மறுபடி அழுத்தினால் ஊசி விடும். பல கார்களில் டிக்கிக்குள்ளோ பானெட்டுக்குள்ளோ கையால் இழுக்கும் விடுவிப்பு நாடா உண்டு. அது கடைசி வழி.

பெட்டியின் மேல், அவசரத்தில் நிறுத்த, காளான் வடிவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரம். அதை யாராவது அழுத்திவிட்டால் பெட்டி செத்ததுபோல் கிடக்கும். கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு நாள் காத்திருந்தவர்கள் உண்டு. வலப்பக்கம் திருகினால் பொத்தான் மேலே வரும், அவ்வளவுதான். அழுத்தியதற்கு வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்டுத் திருகச் சொல்லுங்கள்.

கன்னைத் தரையில் போடாதீர்கள். உறைக்குள், வாய் கீழ்நோக்கி மாட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். வாசல் கழுவும் பையன் பைப்பை அந்தப் பக்கம் திருப்பக் கூடாது. பின்னில் மண் தெரிந்தால் ஊதி எடுக்கலாம். கிரீஸ், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பின் கறுத்தோ பிளாஸ்டிக் உருகியோ இருந்தால் அந்தக் கன்னைக் கட்டி ஒதுக்கிவிடுங்கள். அதை அடுத்து வரும் காரில் செருகினால் காரின் துளையும் கருகும். அந்தச் செலவு கன்னின் விலையைவிடப் பெரிது.

பலகையில் "ஈ.வி. சார்ஜிங் உண்டு" என்று மட்டும் எழுதினால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. "சி.சி.எஸ். 2, இரண்டு கன், ஒரு வண்டி நின்றால் 60, இரண்டு நின்றால் வண்டிக்கு 30 கிலோவாட்" என்று எழுதுங்கள்.

கடைசித் தவணைக்கு முன்

சார்ஜர் நிறுவியவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று கார்களை வரவழையுங்கள்: மூக்கில் துளை உள்ளது ஒன்று, இடது பின்புறம் ஒன்று, வலது பின்புறம் ஒன்று. மூன்றுக்கும் இரண்டு நிறுத்துமிடங்களிலும் கேபிள் தளர்வாக எட்டுகிறதா பாருங்கள். இரண்டு கன்னிலும் ஒரே நேரத்தில் அரை மணி நேரம், மத்தியானம் 2 மணி வெயிலில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கன்னிலும் ஏறிய யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமல் பெட்டி தானே எழுந்து நிற்க வேண்டும். சிவப்புப் பொத்தானை அழுத்தி, திருகி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். எர்த் அளவையும் நியூட்ரல் அளவையும் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழுதானால் கன்னை மட்டும் தனியாக மாற்ற எத்தனை நாள், எவ்வளவு விலை என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சார்ஜர் நிறுவும், பழுது பார்க்கும் பணியாளர்கள் சிலர்